நெஞ்சுப் படபடப்பும் இதய பயமும்: எதைச் சோதிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்

2025 ஜூன், ஜூலை மாதங்களில் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்திலிருந்து மாரடைப்பு மரணச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. நாற்பது நாட்களில் இருபதுக்கும் மேற்பட்டோர், அவர்களில் பலர் இளைஞர்கள் என்று தலைப்புகள் அலறின. சில நாட்களில் மைசூரு, பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனைகளில் கூட்டம் அலைமோதியது. மாநில அரசு அமைத்த நிபுணர் குழு ஆராய்ந்து பார்த்துவிட்டு, அங்கே இதய மரணங்கள் வழக்கத்தை மீறிப் பெருகியதாகச் சொல்ல முடியாது என்றது. அந்த அறிக்கைக்குத் தலைப்புச் செய்தி அளவு இடம் கிடைக்கவில்லை.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம், அதுவரை கண்டுகொள்ளாத தங்கள் நெஞ்சுத் துடிப்பைப் பலர் கவனிக்கத் தொடங்குகிறார்கள். கவனித்தால் எதுவோ ஒன்று கேட்கத்தான் செய்யும். கேட்பது என்ன, அதில் எது ஆபத்து, எது வெறும் சத்தம் என்று பிரித்துக்கொள்ள அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

மூன்று சொற்கள், மூன்று வேறு விஷயங்கள்

செய்திகளில் எல்லாமே ‘மாரடைப்பு’தான். மருத்துவத்தில் அப்படி இல்லை.

1. மாரடைப்பு: இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. குழாய்க் கோளாறு. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் இருக்கும்.

2. திடீர் இதய நிறுத்தம்: இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, ரத்தம் வெளியேறுவதே நின்றுபோவது. மின்கோளாறு. சில வினாடிகளில் ஆள் சுயநினைவு இழந்து விழுந்துவிடுவார். மாரடைப்பு இதற்கு ஒரு காரணம். பிறவியிலேயே வரும் தசை, மின்கோளாறுகளும் காரணம் ஆகலாம்.

3. படபடப்பு: தன் இதயம் துடிப்பதைத் தானே உணர்வது. இது நோயின் பெயரே அல்ல, ஓர் அறிகுறி. மாடிப்படி ஏறினாலும் வரும், ரத்தசோகையிலும் வரும், பரீட்சை முடிவு வரும் காலையிலும் வரும்.

படபடப்பு மட்டும் தனியாக வந்து, வலியோ மயக்கமோ மூச்சுத் திணறலோ இல்லாவிட்டால், அது மாரடைப்பாக இருக்கும் வாய்ப்பு குறைவு. இளம்வயது மரணங்களைப் பற்றிய பேச்சில் தடுப்பூசியும் இழுக்கப்படுவதால் ஒரு தகவல்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 18 முதல் 45 வயதுக்காரர்களின் காரணம் தெரியாத திடீர் மரணங்களை நாட்டின் 47 மருத்துவமனைகள் வழியே ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டது. கொரோனா தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை: குடும்பத்தில் திடீர் மரணம், கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் அளவுமீறிக் குடித்தது, போதைப்பொருள், அதே நேரத்துக்குள் செய்த மிகக் கடுமையான உடலுழைப்பு. ‘எனக்கும் அப்படி ஆகுமோ’ என்று கேட்பவர், தன்னிடம் இந்தப் பட்டியலில் எது இருக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ள கேள்வி.

நெஞ்சில் ‘தொபுக்’ என்று விழுவது எது?

இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடிப்பதாக வைத்தால், ஒரு நாளைக்கு 1,00,800 துடிப்பு. வலது மேலறையில் இருக்கும் இயற்கை பேஸ்மேக்கர்தான் தாளம் போடுகிறது. இடையிடையே வேறு ஏதோ ஓர் இடத்திலிருந்து ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும். இதைத்தான் மருத்துவர்கள் எக்டோபிக் என்கிறார்கள். பேச்சுவழக்கில் ‘எக்ஸ்ட்ரா பீட்’, ‘மிஸ்டு பீட்’.

நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பயம் பிறக்கும் இடம் இதுதான். முந்தி வந்த துடிப்பின்போது அறையில் ரத்தம் நிறைந்திருக்காது. ஆகவே அது பலவீனமாக, உணரவே முடியாமல் போகும். அதன்பின் ஒரு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில் அறைக்குள் வழக்கத்தைவிடக் கூடுதல் ரத்தம் சேரும். அடுத்த துடிப்பு அதை ஓங்கி வெளியே தள்ளும். ‘நெஞ்சு நின்று, தொபுக்கென்று விழுந்தது’ என்பவர் உணர்ந்தது அந்த இடைவெளியையும் ஓங்கிய துடிப்பையும்தான். இதயம் நிற்கவில்லை, நிரம்பிக்கொண்டிருந்தது.

நலமான இதயம் உள்ளவர்களுக்கு 24 மணி நேரப் பதிவுக் கருவி மாட்டிப் பார்த்தாலும் பெரும்பாலோரிடம் சில எக்டோபிக் துடிப்புகள் அகப்படும். பலருக்கு அவை வருவதே தெரியாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும்; இரவில் சத்தமும் வேலையும் ஓய்ந்திருக்கும். படுக்கையில் படபடப்பு கூடுவதாகத் தோன்ற இவ்வளவு போதும்.

எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. மொத்தத் துடிப்பில் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கீழறையிலிருந்து எக்டோபிக் வந்தால், காலப்போக்கில் இதயத் தசை தளரக்கூடும். அவர்களை இதய மருத்துவர் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) மூலம் தொடர்ந்து கண்காணிப்பார். நாளைக்கு நாற்பது, ஐம்பது வருகிறவர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

பயம் துடிப்பைக் கூட்டும் விதம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுவாங்கல் என்று வந்த சுமார் 300 படைவீரர்களைப் பார்த்த ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர், 1871இல் அதை ‘எரிச்சலுற்ற இதயம்’ என்று எழுதினார். பலரது இதயத்தில் குறை எதுவும் தென்படவில்லை. தொல்லை மட்டும் உண்மையாக இருந்தது. அதை விளக்கும் வழி வர நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. 1986இல் உளவியலாளர் டேவிட் கிளார்க், பீதித் தாக்குதலின் மையம் உடல் உணர்வைப் பேரழிவாகப் பொருள்கொள்வதுதான் என்றார். இரண்டு ஆண்டு கழித்து, ஆங்கே ஏலர்ஸ் என்ற உளவியலாளரின் குழுவினர், பீதிக் கோளாறு உள்ளவர்களுக்கு இதயத்துடிப்பு கூடுவதுபோல் பொய்யான ஒலியைக் கேட்கச் செய்தார்கள். அதை நம்பியவர்களின் பதற்றமும், கூடவே உண்மையான துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின.

இந்த வட்டம் சுற்றும் வரிசை இது:

1. ஒரு சாதாரண உணர்வு: ஓர் எக்டோபிக், ஏப்பம், தசைப்பிடிப்பு.
2. ‘இதயத்துக்கு ஏதோ ஆகிவிட்டது’ என்ற முடிவு.
3. அட்ரினலின் சுரப்பு. துடிப்பு வேகமாகும், உள்ளங்கை வியர்க்கும், எக்டோபிக் கூடும்.
4. மூச்சு வேகமாகி, ரத்தத்தில் கரியமில வாயு குறையும். ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். அயனிக் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு வரும். மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கி, தலை கிறுகிறுக்கும்.
5. கை மரத்ததும் 2ஆம் எண்ணில் எடுத்த முடிவு உறுதியாகிவிடும்.

பீதித் தாக்குதல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். அட்ரினலின் உடலில் நீண்ட நேரம் தங்குவதில்லை. மூச்சும் சிந்தனையும் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தான் அது நீளும்.

எதற்கு உடனே கிளம்ப வேண்டும்

பயம் இருப்பவருக்கு இதயநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. நம் ஊரில் உண்மையான மாரடைப்பை ‘வாயு’ என்று சோடா குடித்துத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாயுவை மாரடைப்பு என்று நடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் பட்டியல் ஒன்றுதான். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும்:

1. படபடப்போடு மயங்கி விழுதல், அல்லது கண் இருட்டி விழப்போதல்.
2. நெஞ்சில் பாரமோ அழுத்தமோ 10 நிமிடத்துக்கு மேல் நீடித்தல், தாடை, தோள், கைக்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை. நீரிழிவு உள்ளவர்கள், பெண்கள், முதியவர்களுக்கு வலி இல்லாமல் மூச்சுவாங்கலும் சோர்வும் மேல்வயிற்று உபாதையுமாக மட்டும் வரலாம்.
3. ஓய்வில் இருக்கும்போதே துடிப்பு 150ஐத் தாண்டி, சில நிமிடத்தில் அடங்காமல் இருத்தல்.
4. வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல், பேச்சு குழறுதல்.

அவசரம் இல்லை, ஆனால் ஒரு வாரத்துக்குள் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்: உடற்பயிற்சியின் உச்சத்தில் படபடப்பு வருகிறவர்கள், நெருங்கிய ரத்த உறவில் யாராவது 40 வயதுக்குள் திடீரென இறந்திருப்பவர்கள், சிறுவயதில் வாதக்காய்ச்சல் வந்து வால்வு பாதித்தவர்கள், நாடி தொடர்ந்து தாளமே இல்லாமல் ஓடுகிறவர்கள்.

தமிழகத்தில் 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்பு என்று சந்தேகிக்கப்படுவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்கட்ட மாத்திரைகள் (ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாடின்) தரப்படுகின்றன. இதைக் கேள்விப்பட்டு அதே மாத்திரைகளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, படபடப்பு வரும்போதெல்லாம் போட்டுக்கொள்வது தவறு. அவற்றில் முதல் இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. வயிற்றுப்புண் உள்ளவருக்கு ரத்தக்கசிவில் முடியலாம்.

சோதனை: ஒருமுறை, முறையாக

ஈ.சி.ஜி. பதிவாவது 10 வினாடி. அதில் விழுவது ஏறக்குறைய 12 துடிப்பு, ஒரு லட்சத்தில். ஆகவே படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தால், அந்தப் படபடப்பு என்ன என்று அது சொல்லவில்லை. ஆனால் வேறு சிலவற்றைச் சொல்லும்: பழைய மாரடைப்பின் தடம், க்யூ.டி. இடைவெளி (ஒரு துடிப்பில் கீழறையின் மின்னோட்டம் தொடங்கி அடங்க ஆகும் நேரம்) நீண்டிருப்பது, கூடுதல் மின்பாதை. அதனால் அது முதல் படி.

அடுத்து ரத்தம்: ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பொட்டாசியம், சர்க்கரை. இவற்றில் ஹீமோகுளோபினை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள். ‘டென்ஷன் ஆகாதீர்கள்’ என்று அனுப்பி வைக்கப்படும் பல பெண்களுக்குத் தேவைப்படுவது இரும்புச்சத்து மாத்திரையாக இருக்கலாம்.

பின்னர் மருந்துப் பட்டியல். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், சளி மாத்திரையில் கலந்திருக்கும் ஃபீனைல்எஃப்ரின், அளவு கூடிய தைராக்சின், திடீரென நிறுத்திய பீட்டா தடுப்பு மாத்திரை (துடிப்பைக் குறைக்கும் மருந்து) ஆகிய நான்கும் படபடப்பைக் கிளப்பும். எனர்ஜி டிரிங்க், முந்தைய இரவு மது, தூக்கமின்மை, வெயிலில் நீரிழப்பு ஆகியவையும் கேட்கப்பட வேண்டும்.

தினமும் படபடப்பு வந்தால் 24 அல்லது 48 மணி நேரம் உடலில் மாட்டும் பதிவுக் கருவியான ஹோல்ட்டர். வாரத்துக்கு ஒருமுறை வந்தால் ஹோல்ட்டரில் அகப்படாது. இரண்டு முதல் நான்கு வாரம் மாட்டும் பதிவுக் கருவி வேண்டும். ஹோல்ட்டர் மாட்டியவர்கள் செய்யும் பெரிய தவறு, அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருப்பது. வழக்கமான வேலை, காபி, மாடிப்படி எல்லாம் நடக்க வேண்டும். உணர்வு வந்த நேரத்தை நிமிடத்தோடு குறிக்க வேண்டும், அல்லது கருவியின் பொத்தானை அழுத்த வேண்டும். குறிப்பில்லாத ஹோல்ட்டர் அறிக்கை பாதி அறிக்கை. ‘படபடத்த’ நேரத்தில் பதிவு சீராக இருந்தால், அதுவே மிக வலுவான பதில்.

ஒரு நோயை மட்டும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பீதி என்று தவறாக முத்திரை குத்தப்படுவது அதுதான்: எஸ்.வி.டி. எனப்படும் மேலறை மின்சுற்றுக் கோளாறு. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தக் கோளாறு உறுதியான 107 பேரில் 67 சதவீதத்தினரின் அறிகுறிகள் பீதிக் கோளாறின் இலக்கணத்துக்கும் பொருந்தின. வேறுபாடு இதுதான். பதற்றத்தில் துடிப்பு ஏணி ஏறுவதுபோல் கூடி, மெல்ல இறங்கும். எஸ்.வி.டி. சுவிட்ச் போட்டதுபோல் 150 முதல் 220க்குத் தாவும், மிகச் சீராக ஓடும், சுவிட்ச் அணைத்ததுபோல் நிற்கும். கழுத்தில் துடிப்பு தெரியும். இப்படி இருந்தால் ‘மனசுதான்’ என்ற பதிலோடு திரும்பக் கூடாது. இதற்குக் கத்தீட்டர் (ரத்தக்குழாய் வழியே செலுத்தும் மெல்லிய குழாய்) வழியே நிரந்தரத் தீர்வு உண்டு.

எல்லாம் சரி என்று வந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு டிரெட்மில் சோதனை, இன்னொரு எக்கோ, சி.டி. ஆஞ்சியோ என்று போவது நிம்மதி தருவதில்லை. 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, நோய் இருக்க வாய்ப்பு குறைந்தவர்களிடம் செய்யப்படும் சோதனைகள் அவர்களது கவலையை நீண்டகால அளவில் குறைக்கவில்லை என்று காட்டியது. அதைவிட மோசம், ஆபத்துக் காரணி எதுவும் இல்லாத இளம்பெண்ணின் டிரெட்மில் சோதனை பொய்யாகப் ‘பாசிட்டிவ்’ காட்டுவது அரிதல்ல. அங்கிருந்து அடுத்த சோதனை, அடுத்த பயம்.

கைக்கடிகாரமும் ஆக்சிமீட்டரும்

ஸ்மார்ட் கடிகாரம் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுகிறது. கை அசைந்தாலோ பட்டை தளர்ந்தாலோ எண் பிழைக்கும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2019இல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில், தாளம் தவறுவதாக எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 சதவீதம். அவர்களில், அனுப்பிய ஈ.சி.ஜி. பதிவுப் பட்டையை நெஞ்சில் ஒட்டித் திருப்பித் தந்தோரில் 34 சதவீதத்தினரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை தாளமின்றித் துடிக்கும் கோளாறு) பதிவானது. ஆக, எச்சரிக்கை வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வரவில்லை என்பதால் எல்லாம் சரி என்றும் ஆகாது. சில கடிகாரங்களில் எடுக்கும் ஒற்றை லீட் ஈ.சி.ஜி. தாளத்தைக் காட்டும். மாரடைப்பைக் காட்டாது.

கொரோனா காலத்தில் வாங்கி வைத்த விரல் ஆக்சிமீட்டரில் இன்னொரு சிக்கல். ஒன்றுவிட்டு ஒன்று எக்டோபிக் வந்தால், பலவீனத் துடிப்பு விரல்வரை எட்டாது. இதயம் 80 துடிக்கும், கருவி 40 என்று காட்டும். ‘துடிப்பு பாதியாகிவிட்டது’ என்று ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். ரத்த அழுத்தக் கருவி காட்டும் நாடி எண்ணுக்கும் இதே குறை உண்டு.

படபடப்பு வந்த அந்தப் பத்து நிமிடம்

மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லை, மருத்துவர் ஏற்கெனவே பார்த்து இதயம் சரி என்றிருக்கிறார் என்றால்:

1. நாடியை ஒரே ஒருமுறை பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வைத்து 30 வினாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் சொந்தத் துடிப்பே எண்ணிக்கையில் கலக்கும். எண்ணைக் குறித்துவிட்டு, விரலை எடுத்துவிடுங்கள்.

2. மூக்கு வழியே 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். ‘நல்லா மூச்சை இழுத்து விடு’ என்ற வழக்கமான அறிவுரை இங்கே கெடுதல் செய்யும்: பெரிய மூச்சு கரியமில வாயுவை இன்னும் குறைக்கும். மூச்சு சிறியதாகவும் மெதுவாகவும் இருக்க வேண்டும். காகிதப் பைக்குள் மூச்சுவிடும் பழைய முறையும் வேண்டாம். உண்மையில் மாரடைப்போ ஆஸ்துமாவோ என்றால் ஆக்சிஜன் இறங்கிவிடும்.

3. செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்புங்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்தால் மீதியை நறுக்குங்கள். துடிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத் தொடங்குவது, அது ஆபத்து என்று மூளைக்குச் சொல்வதற்குச் சமம்.

வட்டத்தை உடைக்கும் மாதங்கள்

பயந்தவர் முதலில் விடுவது நடையையும் மாடிப்படியையும்தான். சில வாரத்தில் உடல் தளர்ந்து, முன்பு 110 வரை போன துடிப்பு அதே மாடிக்கு 130 போகும். ‘பார்த்தீர்களா, இதயம் பலவீனமாகிவிட்டது’ என்பார். அது இதய நோய் இல்லை. பழக்கம் விட்டுப்போன உடல். திருப்பிக் கொண்டுவரும் வழி படிப்படியானது: முதல் வாரம் சமதளத்தில் பத்து நிமிட நடை, அடுத்து இருபது, பிறகு ஒரு மாடி, பிறகு இரண்டு. துடிப்பு ஏறுவதே பயிற்சியின் நோக்கம் என்பதால், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் இதன் இன்னும் கூர்மையான வடிவம் உண்டு. அச்சம் தரும் உணர்வை வேண்டுமென்றே வரவழைப்பது: நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுதல், நாற்காலியில் சுழலுதல், மெல்லிய உறிஞ்சுகுழல் வழியே மூச்சுவிடுதல். உணர்வு வரும், எதுவும் ஆகாது, திரும்பச் செய்யும்போது பயம் குறையும். இதய மருத்துவரின் ஒப்புதலுக்குப் பிறகு, முதல் சில முறை சிகிச்சையாளர் முன்னிலையில் செய்வது நல்லது.

சரிபார்க்கும் பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் யாராலும் முடியாது. நாளைக்கு 30 முறை நாடி பிடிக்கிறவர் முதல் வாரம் 10, அடுத்து 3, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று இறக்கலாம். இணையத்தில் அறிகுறி தேடுவதும் இதே கணக்கில் சேரும்.

மருந்து தேவைப்பட்டால், பதற்றத்துக்குத் தரும் செர்ட்ராலின் போன்றவை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால் நான்காம் நாளே நிறுத்துகிறவர்கள் உண்டு. அமைதியூட்டும் மாத்திரையான அல்பிரசோலாம் அரை மணி நேரத்தில் அடக்கிவிடும், அதனாலேயே ஆபத்து: வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடல் அதற்குப் பழகிவிடும், சட்டென்று நிறுத்தினால் படபடப்பு இரட்டிப்பாகத் திரும்பும். புரோப்ரனலால் துடிப்பைக் குறைக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. பக்கத்துவீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்கும் மாத்திரைகள் அல்ல இவை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ‘இப்ப எப்படி இருக்கு, இன்னும் அடிக்குதா?’ என்று மணிக்கொருமுறை கேட்பது அன்புதான். ஆனால் மறந்திருந்த துடிப்பை அது மீண்டும் நினைவூட்டும். ‘ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை’ என்று நாளைக்கு இருபது முறை உறுதி சொல்வதும் சோதனை எடுப்பதுபோலத்தான்; அந்த நிம்மதி அரை மணி நேரம்தான் நிற்கும். மருத்துவர் சொன்னதை ஒருமுறை நினைவூட்டிவிட்டு, ‘வா, கடைக்குப் போய்ட்டு வரலாம்’ என்று கூட்டிப்போவது அதைவிட உதவும். பேச ஆள் தேவைப்படும் இரவுகளுக்கு, கட்டணமில்லாத மனநல உதவி எண் 14416 நாள் முழுவதும் இயங்குகிறது; தமிழில் பேசலாம்.